ஆன்லைனில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்பது எப்படி: சேர்வதற்கு முன்பிருந்து சான்றிதழ் வரை

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பாடத்திட்டத்தைத்தான். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவராது. எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: ஸ்கோப் (ப்ராஜெக்ட்டில் எது எதெல்லாம் அடங்கும் என்ற எல்லை), ஷெட்யூல், செலவு, ரிஸ்க், தரம், கொள்முதல், ஆட்கள், ஸ்டேக்ஹோல்டர்கள் (ப்ராஜெக்ட்டோடு சம்பந்தப்பட்ட எல்லோரும்), கூடவே அஜைல் (வேலையைச் சிறு சுற்றுகளாக முடித்துத் திருத்திக்கொண்டே போகும் முறை). வித்தியாசமெல்லாம் அசைன்மென்ட்டில் இருக்கிறது. என்ன எழுதச் சொல்கிறார்கள், யார் திருத்துகிறார்கள், திருத்தியவர் என்ன குறிப்பு எழுதித் தருகிறார் என்பவைதான் நீங்கள் கட்டும் பணத்துக்குக் கிடைப்பவை. விளக்க வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகவே குவிந்து கிடக்கின்றன.

ஆகவே நான் சொல்லப்போகும் முறை கொஞ்சம் தலைகீழானது. அசைன்மென்ட்டைப் பார்த்துக் கோர்ஸைத் தேர்ந்தெடுங்கள். சேர்வதற்கு முன்பே கையில் ஒரு நிஜ ப்ராஜெக்ட் இருக்கட்டும். கோர்ஸ் முழுவதையும் அந்த ஒன்றின் மேலேயே ஓட்டுங்கள்.

படி 1: உங்களுக்கு வேண்டியது எது?

ஒரே பெயரில் நான்கு வகைச் சரக்கு விற்கப்படுகிறது. இதைப் பிரித்தறியாமல் பணம் கட்டியவர்கள்தான் பிறகு ஏமாந்தேன் என்கிறார்கள்.

முதல் வகை, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்த இணையவழிக் கோர்ஸ்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ், ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் இருவர் தொடங்கிய கோர்ஸெரா, இரண்டுமே 2012-இல் வந்தவை. பல பல்கலைக்கழகங்கள் அங்கே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்பிக்கின்றன. பெரும்பாலும் உங்கள் விடைகளைக் கணினி திருத்தும், அல்லது உங்களைப் போன்ற இன்னொரு மாணவர் திருத்துவார். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் பொதுவாகக் கிடைக்காது. இதே தளங்களில் நிறுவனங்களின் சான்றிதழ்களும் உண்டு. 2021-இல் கோர்ஸெராவில் வந்த கூகுளின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் அப்படிப்பட்டது. தொடக்கத்துக்கு நல்ல கோர்ஸ்தான், ஆனால் அது பல்கலைக்கழகப் படிப்பு அல்ல.

இரண்டாவது, கிரெடிட் தரும் தனி மாட்யூல். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம். உண்மையான ஆசிரியர், உண்மையான மதிப்பெண். இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பிடித்தால் அந்தக் கிரெடிட்டை வைத்தே மேற்படிப்பில் சேரலாம், பிடிக்காவிட்டால் ஒரு பாடத்தோடு போயிற்று.

மூன்றாவது, முழுப் படிப்பு. பிரிட்டிஷ் முறையில் முதுநிலைச் சர்டிஃபிகேட் 60 கிரெடிட், டிப்ளமோ 120, மாஸ்டர்ஸ் 180. மாஸ்டர்ஸில் சேர்ந்தவர் நடுவில் நிறுத்த நேர்ந்தால் 60 அல்லது 120-இல் ஒரு சான்றோடு வெளியேற பல இடங்களில் வழி இருக்கிறது. வேலை, குடும்பம் இரண்டையும் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இந்த வசதி உண்டா என்று கேட்காமல் சேரக் கூடாது.

நான்காவது, பிஎம்பி (ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான தொழில் சான்றிதழ்) போன்ற தேர்வுகளுக்கான பயிற்சி. பல்கலைக்கழகங்களின் தொடர்கல்விப் பிரிவுகளும் இதை நடத்துகின்றன. தேர்வில் தேறுவதுதான் அதன் நோக்கம். அதை எதிர்பார்த்துச் சேர்ந்தால் குறையில்லை.

ஏற்கெனவே ப்ராஜெக்ட்களை நடத்தி வருபவருக்கு நான்காவதே போதும். வேறு துறையிலிருந்து வருபவர் முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்குப் போகலாம். பதவி உயர்வுக்கோ வேறு நாட்டில் வேலைக்கோ முதுநிலைப் பட்டமே வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் மூன்றாவது.

படி 2: அங்கீகாரத்தை இரண்டு கோணத்தில் சரிபாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அந்த நாட்டு அரசின் அல்லது உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இதை அந்த அமைப்பின் தளத்தில் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் பார்க்காதீர்கள். "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்று பொதுவாகப் போட்டிருந்தால், அங்கீகரித்தவர் யார் என்று தேடுங்கள். அங்கீகாரம் தருவதற்கென்றே தாங்களாக ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்ட போலிகளும் உண்டு. பட்டத்தை எந்த நாட்டில் காட்டப்போகிறீர்களோ அந்த நாடு ஆன்லைன் பட்டத்தை ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது கோணம் தொழில் சார்ந்தது. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, பிஎம்பி தேர்வை நடத்தும் பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) என்ற அமைப்பு, ஜிஏசி என்ற தன் அங்கீகார மையம் வழியாகப் பட்டப்படிப்புகளை மதிப்பிடுகிறது. இந்த அங்கீகாரம் உள்ள பட்டம் இருந்தால், பிஎம்பி தேர்வுக்குத் தேவையான அனுபவத்தில் 12 மாதம் குறையும். இதையும் பிஎம்ஐயின் "அதிகாரப்பூர்வப் பயிற்சிப் பங்காளி" என்ற அடையாளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னது தேர்வுப் பயிற்சி நடத்துபவர்களுக்கான முத்திரை. பட்டத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

படி 3: மணிக்கணக்கைப் போடுங்கள்

"வாரத்துக்குச் சில மணி நேரம் போதும்" என்று விளம்பரம் சொல்லும். அதை விட்டுவிட்டுக் கிரெடிட்டைப் பாருங்கள். உண்மை அதில் இருக்கிறது.

பிரிட்டனில் 1 கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஐரோப்பிய ஈசிடிஎஸ் முறையில் 1 கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி. அமெரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, வகுப்புக்கு வெளியே இரண்டு மணி என்று சுமார் 15 வாரங்கள். அதாவது ஏறக்குறைய 45 மணி.

இனி கணக்கு எளிது. 15 கிரெடிட் பிரிட்டிஷ் மாட்யூல் என்றால் 150 மணி. அது 10 வாரத்தில் முடியும் என்றால் வாரம் 15 மணி. 3 கிரெடிட் அமெரிக்கப் பாடம் 135 மணி. 15 வாரத்தில் வாரம் 9 மணிதான். அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும் "விரைவுப் பாடமாக" எடுத்தால் வாரம் 17 மணியைத் தொட்டுவிடும். முழுநேர வேலையில் இருப்பவர் ஒரே நேரத்தில் இப்படி இரண்டு பாடம் எடுத்தால், வார இறுதி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

இந்த மணிகள் உங்கள் வாரத்தில் எங்கிருந்து வரப்போகின்றன என்று நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். எங்கிருந்தும் வரவில்லை என்றால் பாடத்தின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போடும் கணக்கு மூன்றாவது வாரத்தில் உடையும்.

படி 4: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மாட்யூல் கையேடு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புகிறார்களா என்பதே ஒரு சோதனை. கையேட்டிலும் அவர்கள் பதிலிலும் பார்க்க வேண்டியவை:

- மதிப்பெண் எதற்கு எவ்வளவு? முழுக்க வினாடி வினா என்றால் விலகுங்கள். சொந்த வேலையிடத்து ப்ராஜெக்ட்டை வைத்து அறிக்கை எழுதச் சொன்னால் நல்ல அறிகுறி.
- திருத்திய அசைன்மென்ட் எத்தனை நாளில் திரும்பி வரும்? அடுத்த அசைன்மென்ட்டின் கெடுவுக்குப் பிறகு வரும் குறிப்பால் பயனில்லை.
- நேரடி வகுப்புகள் கட்டாயமா, பதிவு கிடைக்குமா? நேரம் எந்த நாட்டு நேரம்?
- தேர்வு உண்டா? கேமரா வழிக் கண்காணிப்பா?
- படிப்பை இடையில் நிறுத்தி வைக்கலாமா, அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்?
- எந்தத் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும்?
- முன் அனுபவத்துக்கோ முன்பு படித்ததற்கோ கிரெடிட் விலக்கு உண்டா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டவர்களில் சிலருக்கு ஒரு முழு மாட்யூல் கட்டணம் மிச்சமாகிறது.

படி 5: ஒரு நிஜ ப்ராஜெக்ட்டைப் பிடியுங்கள்

வகுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. சொந்த ப்ராஜெக்ட் இல்லாதவர் பாடப்புத்தகத்தில் வரும் பாலத்தையும் மென்பொருளையும் வைத்தே எல்லா அசைன்மென்ட்டையும் எழுதுவார். அதில் எந்த எண்ணும் அவரை எதிர்த்துப் பேசாது. நிஜ ப்ராஜெக்ட்டில் சப்ளையர் சொன்ன தேதியில் வரமாட்டார், ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் போவார், ஸ்கோப்பை எழுதிய பிறகு "இதையும் சேர்த்துச் செய்துவிடுங்களேன்" என்று ஒருவர் வருவார். கோர்ஸ் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

பெரியதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடியக்கூடியது, இருபது முதல் நாற்பது வேலைகளாகப் பிரியக்கூடியது, உங்களைத் தவிர குறைந்தது மூன்று பேர் சம்பந்தப்பட்டது, தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ளது என்றால் போதும். அலுவலகத்தில் ஒரு பிரிவு இடம் மாறுவது, பழைய ஆவணங்களை டிஜிட்டல் ஆக்குவது, ஒரு சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சி, ஒரு சிறு நூலகத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றுவது, இவை எல்லாம் சரிவரும். தினமும் ஒரே மாதிரி நடக்கும் வேலை ப்ராஜெக்ட் ஆகாது. மாதச் சம்பளம் போடுவதை எடுத்துக்கொண்டு வந்தால் முதல் அசைன்மென்ட்டிலேயே ஆசிரியர் திருப்பி அனுப்புவார்.

அலுவலக ப்ராஜெக்ட் என்றால் மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நிறுவனப் பெயரையும் உண்மையான தொகைகளையும் மாற்றி எழுதுவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

படி 6: முதல் வாரத்துக்கு முன்

விரிதாளில் ஃபார்முலா எழுதத் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பாதி பாடம் அதில்தான் ஓடும். ஷெட்யூல் போட மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் உரிமத்தைப் பல்கலைக்கழகம் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் ப்ராஜெக்ட்லிப்ரே, கான்ட்ப்ராஜெக்ட் போன்ற இலவச மென்பொருள்கள் மாணவர் தேவைக்குப் போதும்.

எல்லா அசைன்மென்ட் கெடுக்களையும் ஒரே காலண்டரில் போடுங்கள். கெடு எந்த நாட்டு நேரம் என்பது முக்கியம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மார்ச் மாதத்தில் கடிகாரத்தை மாற்றுகின்றன, ஆனால் ஒரே நாளில் அல்ல. இலையுதிர் காலத்தில் திரும்ப மாற்றும்போதும் அப்படியே. கடிகாரத்தை மாற்றாத நாட்டிலிருந்து படிப்பவருக்கு நேரடி வகுப்பு திடீரென்று ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். காலண்டரில் அந்த நாட்டு நேர மண்டலத்தையே தேர்ந்து பதிந்தால் அது தானாகச் சரிசெய்துகொள்ளும்.

இன்னொன்று, உங்கள் கோர்ஸ், பிஎம்ஐ வெளியிடும் பிஎம்பாக் கையேட்டின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் வந்த ஆறாம் பதிப்பு 49 செயல்முறைகளை அடிப்படையாகக் கொண்டது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அந்தக் கட்டமைப்பை விட்டு, 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இரண்டும் கலந்து கிடக்கும். எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 7: பாடத்தின் நடுக்கூறு

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்தான்.

*வேலையைப் பிரிப்பது.* டபிள்யூபிஎஸ் என்ற வேலைப் பிரிப்பு அமைப்பில் முதலில் வர வேண்டியவை கையில் கிடைக்கப்போகும் பொருள்கள், செயல்கள் அல்ல. நூலகத்தை மாற்றும் ப்ராஜெக்ட்டில் "அலமாரி வாங்குதல்" என்று தொடங்காமல் "பொருத்தப்பட்ட அலமாரிகள்" என்று தொடங்குங்கள். அதன் கீழே வரும் எல்லாவற்றையும் கூட்டினால் மேலே உள்ளது முழுமையாகக் கிடைக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை 100 சதவீத விதி என்பார்கள். மாணவர்கள் தவறாமல் விட்டுவிடும் ஒன்று உண்டு: ப்ராஜெக்ட்டை நிர்வகிக்கும் வேலையே. கூட்டங்களும் அறிக்கைகளும் நேரத்தைத் தின்கின்றன. அவற்றுக்கும் ஒரு கிளை வேண்டும்.

*ஷெட்யூல்.* முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைத் தொடரைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறை 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறை வந்தது. இரண்டையும் மென்பொருளில் போடும் முன் ஒரு முறையாவது தாளில் போடுங்கள்.

நூலகத்தையே எடுப்போம். புத்தகப் பட்டியலைச் சரிபார்க்க 10 நாள், அதன் பிறகு பெட்டிகளில் அடுக்க 6 நாள். மறுபக்கம் அலமாரி செய்து வர 15 நாள், அதைப் பொருத்த 4 நாள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் கொண்டுபோக 2 நாள், அங்கே அடுக்கி வைக்க 5 நாள். பட்டியல் வழியே போனால் 10, 6, 2, 5. மொத்தம் 23 நாள். அலமாரி வழியே போனால் 15, 4, 2, 5, மொத்தம் 26. ஆக ப்ராஜெக்ட் 26 நாள். அலமாரிப் பக்கம்தான் கிரிட்டிக்கல் பாத். பட்டியல் பக்கத்துக்கு 3 நாள் ஃப்ளோட் இருக்கிறது, அதாவது அந்தப் பக்கம் மூன்று நாள் தாமதமானாலும் முடிவுத் தேதி அசையாது.

இப்போது தச்சருக்குக் கூடுதல் பணம் கொடுத்து அலமாரியை 11 நாளில் வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். நான்கு நாள் மிச்சம் என்று தோன்றும். அலமாரி வழி 22 நாளாகிவிட்டது, ஆனால் பட்டியல் வழி இன்னும் 23. ப்ராஜெக்ட் 23 நாளில்தான் முடியும். நான்கு நாளுக்குப் பணம் கொடுத்து மூன்று நாளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். கிரிட்டிக்கல் பாத்தும் இடம் மாறிவிட்டது. "அவசரப்படுத்துவதற்கு எங்கே செலவு செய்வீர்கள்?" என்ற தேர்வுக் கேள்விகள் எல்லாம் இந்த இடத்தைத்தான் சோதிக்கின்றன.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது பெர்ட் மதிப்பீடு உதவும். எல்லாம் நன்றாக நடந்தால் 4 நாள், வழக்கமாக 6, மோசமானால் 14 என்றால், நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 4, 24, 14 கூட்டினால் 42. ஆறால் வகுத்தால் 7 நாள். வழக்கமான மதிப்பை விட ஒரு நாள் கூடியதற்குக் காரணம், கெட்டால் ரொம்பக் கெடும் என்ற அந்த 14.

*ஈட்டிய மதிப்பு.* இந்தப் பாடத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, மூன்றே எண்கள்தான். இந்நேரம் முடிந்திருக்க வேண்டிய வேலையின் பட்ஜெட் மதிப்பு, உண்மையில் முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு, உண்மையில் செலவான தொகை. மொத்த பட்ஜெட் 1000 என்று வைப்போம். பாதிக் காலத்தில் 500-க்கான வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 400-க்கானது, செலவானது 480. செலவுக் குறியீடான சிபிஐ 400-ஐ 480-ஆல் வகுத்தால் 0.83. கால அளவுக் குறியீடான எஸ்பிஐ 400-ஐ 500-ஆல் வகுத்தால் 0.8. இதே திறனில் போனால் மொத்தச் செலவு 1000 வகுத்தல் 0.83, ஏறக்குறைய 1200.

கணக்கு இதோடு முடிகிறது, மதிப்பெண் இதற்குப் பிறகுதான். எஸ்பிஐக்கு ஒரு கோளாறு உண்டு. ப்ராஜெக்ட் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், முடிந்த அன்று முடிந்த வேலையும் திட்டமிட்ட வேலையும் சமமாகிவிடும். எஸ்பிஐ 1 என்று காட்டும். ஆகவே கடைசிக் கட்டத்தில் எஸ்பிஐயை நம்பி "சரியான நேரத்தில் போகிறோம்" என்று எழுதுவது தவறு. இதை அறிக்கையில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் செய்தவரிடமிருந்து அந்த ஒரு வரி உங்களைப் பிரித்துக் காட்டும்.

*ரிஸ்க்.* "பட்ஜெட் மீறல்", "தாமதம்" என்று ரிஸ்க் பட்டியலில் எழுதுகிறார்கள். அவை விளைவுகள். காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: "அலமாரி செய்பவர் ஒருவரே என்பதால், அவர் வேறு பெரிய வேலையை ஏற்றால், பொருத்தும் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போகலாம்." இப்படி எழுதினால் என்ன செய்வது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்: இரண்டாவது தச்சரிடம் விலை கேட்டு வைப்பது. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்று ரிஸ்க் அல்ல, பிரச்சினை. அது வேறு பட்டியலில் போக வேண்டும்.

அஜைல் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. 2001 பிப்ரவரியில் யூட்டாவின் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் எழுதிய அறிக்கையில் 4 விழுமியங்களும் 12 கொள்கைகளும்தான் இருக்கின்றன, மூலத்தையே படித்துவிடுங்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்கிரமின் கையேடும் சிறியது, இலவசம். இவற்றை நேரடியாகப் படித்தவருக்கு அஜைல் வாரம் எளிதாகக் கழியும்.

படி 8: குழு வேலை

ஆன்லைன் படிப்பில் எல்லோரும் வெறுக்கும் பகுதி இது. ஐந்து பேர், நான்கு நேர மண்டலம், ஒருவர் இரண்டாவது வாரத்திலிருந்து காணவில்லை. ஆனால் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்பில் குழு வேலையைத் தொல்லை என்று ஒதுக்குவது வேடிக்கையானது. அதைக் கற்கத்தானே வந்தோம்.

குழு அமைந்த இரண்டு நாளுக்குள் முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள். அதில் ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள்: யார் எதை எப்போது தருவார், எந்தச் செயலியில் பேசுவோம், எத்தனை நாள் பதில் இல்லையென்றால் ஆசிரியரிடம் சொல்வோம். கடைசி விதியை எல்லோரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். சண்டை வந்த பிறகு எழுதினால் அது ஒருவர் மேல் குறிவைத்தது போலாகிவிடும். உள்கெடுவை உண்மையான கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாக வையுங்கள். ஐந்து பேரின் எழுத்தை ஒரே நடையில் தைப்பதற்கு ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அந்த வேலையை யாரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள், நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழு அறிக்கையும் எப்படிப் பொருந்துகிறது என்பது தைப்பவருக்குத்தான் புரியும்.

படி 9: அசைன்மென்ட் எழுதுவது

முதலில் ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணையைப் படியுங்கள், கேள்வியை அதன் பிறகு. "விவரி" என்பதற்கும் "விமர்சன நோக்கில் மதிப்பிடு" என்பதற்கும் மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி உண்டு. முதலாவதுக்குக் கருவியை விளக்கினால் போதும். இரண்டாவதுக்கு அந்தக் கருவி உங்கள் ப்ராஜெக்ட்டில் எங்கே உதவியது, எங்கே காலை வாரியது, அதற்குப் பதில் எது பொருந்தியிருக்கும் என்று வாதிட வேண்டும்.

வழக்கு ஆய்வுகளில் சிட்னி ஓபரா ஹவுஸ் வகுப்புக்கு வகுப்பு தலைகாட்டும். 1959-இல் கட்டத் தொடங்கி 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிவதாகத் திட்டம். 1973-இல் திறந்தபோது செலவு 10 கோடியே 20 லட்சம். இதை "மோசமான திட்டமிடல்" என்று ஒரு பக்கம் எழுதி முடிப்பவர்களுக்குச் சராசரி மதிப்பெண்தான் கிடைக்கும். வடிவமைப்பு முடிவதற்கு முன்பே அரசின் அவசரத்தால் அடித்தள வேலை தொடங்கியது. சிப்பி போன்ற அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்ற விடை அப்போது யாரிடமும் இல்லை. 1966-இல் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் விலகினார். இதையெல்லாம் தாண்டி அதே கட்டடம் 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நேரம், செலவு, ஸ்கோப் என்ற முக்கோணத்தால் இதை வெற்றி என்றும் சொல்ல முடியவில்லை, தோல்வி என்றும் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் வெற்றியை யார், எப்போது அளப்பது? அந்தக் கேள்வியை எழுப்பும் விடைதான் மேலே போகிறது.

மேற்கோள் முறை ஏபிஏவா ஹார்வர்டா என்று கையேட்டில் இருக்கும். மேற்கோள் காட்டும் நூல்களையும் கட்டுரைகளையும் முதல் அசைன்மென்ட்டிலிருந்தே ஸோட்டெரோ போன்ற இலவசக் கருவியில் சேர்த்து வாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும், சில இடங்களில் பாடத்துக்குப் பாடமே வேறுபடும். விதியைப் படியுங்கள். விதி அனுமதித்தாலும் ரிஸ்க் பட்டியலை அதனிடம் எழுதக் கொடுக்காதீர்கள். எந்த ப்ராஜெக்ட்டுக்கும் பொருந்தும் பத்து ரிஸ்க்குகளைத் தரும், உங்கள் தச்சரைப் பற்றி அதற்குத் தெரியாது.

படி 10: தேர்வு

கண்காணிப்புத் தேர்வு என்றால் கேமரா, மைக், இணைய வேகம் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே அவர்களின் சோதனைப் பக்கத்தில் சரிபாருங்கள். அலுவலக மடிக்கணினியில் கண்காணிப்பு மென்பொருளை நிறுவப் பெரும்பாலும் அனுமதி இருக்காது, சொந்தக் கணினி வேண்டும். மற்றபடி, ஷெட்யூலையும் ஈட்டிய மதிப்பையும் தாளில் பலமுறை போட்டுப் பார்த்தவருக்கு இந்தத் தேர்வு சிரமம் தராது.

படி 11: படிப்புக்குப் பிறகு தொழில் சான்றிதழ்

பல்கலைக்கழகச் சான்றும் தொழில் சான்றிதழும் வேறு வேறு. அனுபவமே இல்லாதவர்களுக்குப் பிஎம்ஐயின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் உண்டு. பள்ளிப்படிப்போடு 23 மணி நேர ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கல்வி இருந்தால் தேர்வு எழுதலாம். 1984-இல் தொடங்கிய பிஎம்பிக்கு அனுபவம் வேண்டும். நான்காண்டுப் பட்டம் இருந்தால் ப்ராஜெக்ட்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரக் கல்வியும் கேட்கிறார்கள். பள்ளிப்படிப்பு மட்டும் என்றால் 60 மாதம். இந்த விதிகளும் தேர்வு வடிவமும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன, விண்ணப்பிக்கும் மாதத்தில் பிஎம்ஐ தளத்திலுள்ள கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசில் தோன்றிய பிரின்ஸ்2 என்ற ப்ராஜெக்ட் நிர்வாக முறையின் சான்றிதழுக்கு முதல் நிலைத் தேர்வில் அனுபவக் கட்டுப்பாடு இல்லை. 1965-இல் தொடங்கிய ஐபிஎம்ஏ அமைப்பு டி முதல் ஏ வரை நான்கு நிலைகளில் சான்று தருகிறது. நீங்கள் வேலை தேடும் துறையின் விளம்பரங்களில் எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று பார்த்து அதையே எடுங்கள். எல்லாவற்றையும் சேகரிப்பதில் அர்த்தமில்லை.

கிரெடிட் உள்ள ஒரு மாட்யூலே அந்த 23 அல்லது 35 மணி நேரத்தை எளிதாக ஈடுகட்டும். ஆனால் பிஎம்ஐ விண்ணப்பங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்கிறது, அப்போது ஆவணம் கேட்கும். படிப்பு முடிந்தால் கற்றல் தளத்தில் உங்கள் கணக்கும் ஒரு நாள் மூடப்படும். எந்தத் தேதி என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கு முன் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கு அச்சிட்டிருக்கும் மாட்யூல் கையேடு, மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் குறிப்புகளோடு திருத்திய அசைன்மென்ட்கள் ஆகியவை கட்டாயம் வேண்டும். ஷெட்யூல் கோப்புகளை விரிதாளாகவும் பிடிஎஃப் ஆகவும் மாற்றி வையுங்கள், மாணவர் உரிமம் காலாவதியானதும் மூலக்கோப்பைத் திறக்க முடியாமல் போகும்.